பணிப்பதிவேடு மட்டும் போதாது
இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்த தாத்தாவின் பணிப்பதிவேட்டை வாங்கிவிட்டால் அவர் எந்தெந்த நகரங்களுக்குக் குண்டு போடப் போனார் என்று தெரிந்துவிடும் என்கிறது இந்தக் கட்டுரை. எனக்கு அது சந்தேகம்தான். பிரிட்டிஷ் விமானப்படையின் பதிவேட்டில் இருப்பதெல்லாம் எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்கு மாற்றினார்கள் என்பதுதான், அதுவும் பாதி புரியாத சுருக்கங்களாக. பறந்த இரவுகளைத் தேட வேண்டிய இடம் அவர் இருந்த ஸ்குவாட்ரனின் (விமானப் படைப்பிரிவின்) ஆபரேஷன்ஸ் ரெக்கார்டு புக், அதாவது அந்தப் பிரிவின் நடவடிக்கைக் குறிப்பேடு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏஐஆர் 27 (AIR 27) என்ற ஆவண வரிசையில் இருக்கிறது. அதில் ஒவ்வொரு பறப்பையும் பதிந்துவைத்த ஃபார்ம் 541 என்ற படிவப் பக்கங்களைப் பாருங்கள்: விமான எண், குழுவில் பறந்தவர்களின் பெயர்கள், கிளம்பிய நேரம், இலக்கு எல்லாம் இருக்கும். என் மனைவியின் தாத்தா 57ஆம் ஸ்குவாட்ரனில் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் வால்பக்கத் துப்பாக்கி வீரர். வீட்டில் எல்லோரும் ஈஸ்ட் கர்க்பி என்ற ஒரே விமானத் தளத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவருடைய முதல் தாக்குதல்கள் ஸ்காம்ப்டன் என்ற வேறொரு தளத்திலிருந்து. அங்கே புல்தரை ஓடுபாதையை மாற்றி கான்கிரீட் போடுவதற்காக 1943 ஆகஸ்ட் கடைசியில் ஸ்குவாட்ரனையே ஈஸ்ட் கர்க்பிக்கு இடம் மாற்றியிருக்கிறார்கள். தளத்தின் கதை தெரியாவிட்டால் தேதிகள் ஒத்தே வராது. அப்புறம், மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் லாக் புக் (பறந்தவர் தன் பறப்புகளைக் குறித்துவைத்த சொந்தக் குறிப்பேடு) கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் உண்டு. யாரும் கேட்டு வாங்காமல் விமானப்படையிடம் கிடந்தவற்றில் பெரும்பகுதியை 1960 வாக்கில் அழித்துவிட்டார்கள். தரைப் பணியாளர்களின் பேரப்பிள்ளைகள்தான் பாவம், அவர்கள் தேடும் பெயர் 541இல் வராது.