பைத்தான்ல சைன் 30 தப்பா வரல, அது ரேடியன் கணக்கு

கமாண்ட் லைன் கால்குலேட்டர் எழுதுறப்ப பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழில சைன் 30 போட்டா 0.5 வராம -0.988 வருது, அதனால அதுல கணக்குக்குன்னே இருக்குற மேத் மாட்யூலே தப்பா கணக்கு போடுதுன்னு மேல சொல்லியிருக்கீங்க, நிறைய பேர் அதை ஷேரும் பண்றாங்க. மன்னிக்கணும் ப்ரோ, விடை சரிதான். அந்த சைன் ஃபங்ஷன் கோணத்தை டிகிரில எடுக்காது, கோணத்தை அளக்குற இன்னொரு அலகான ரேடியன்ல தான் எடுக்கும், சி, ஜாவாலயும் இதே வழக்கம் தான். ஸ்கூல்ல டிகிரிலயே பழகிட்டதால இந்த குழப்பம் எல்லாருக்கும் வர்றது தான்.

நம்பலன்னா பேப்பர் எடுத்து போட்டு பாருங்க: 1 ரேடியன் சுமார் 57.2958 டிகிரி, அப்ப 30 ரேடியன் 1718.87 டிகிரி, அதுல நாலு முழு சுத்து, அதாவது 1440 கழிச்சா 278.87, இப்ப சயின்டிஃபிக் கால்குலேட்டரை டிகிரி மோட்ல வச்சு அதுக்கு சைன் போடுங்க, அதே -0.988 தான் வரும். உங்க புரோகிராம்ல 30ஐ முதல்ல அதே மாட்யூல்ல இருக்குற ரேடியன்ஸ் ஃபங்ஷனுக்கு குடுத்து, வர்றதை சைனுக்கு குடுங்க. 0.49999999999999994னு காட்டும், கடைசில இருக்குற அந்த சின்ன வித்தியாசம் ஃப்ளோட் ரவுண்டிங்கால, அதாவது கம்ப்யூட்டர் தசம எண்ணை ஒரு அளவு இலக்கத்தோட ரவுண்ட் பண்ணி வச்சுக்குறதால வர்றது, பத்து தசம இடத்துக்கு ரவுண்ட் பண்ணி பிரிண்ட் பண்ணா 0.5 வந்துடும்.