ஒரே ரோட்டை எத்தனை தடவை வரைவது?

குற்றாலத்து லாட்ஜ்களில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆட்டோ பிடித்தால் ஐந்தருவி. சுவரிலோ பனிமலை, ஓட்டு வீடு, குளத்தில் இரண்டு அன்னம். இயற்கைக் காட்சி என்றாலே அது வேறெங்கோதான் இருக்கும் என்று நமக்கு எப்படியோ பதிந்துபோய்விட்டது. ஓவியர் டேவிட் ஹாக்னியைப் பற்றிப் பேச நினைத்ததற்கு அதுதான் காரணம்.

1937-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் இருக்கும் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். 1964-ல் லாஸ் ஏஞ்சலஸ் போய், நீச்சல் குளங்களை வரைந்து பேர் வாங்கினார். அதில் ஒரு படம் 2018-ல் 9 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அந்த ஹாக்னி பெரிதில்லை. அறுபது வயதை நெருங்கும்போது சொந்த மண் பக்கம் திரும்பினாரே, அவர்தான் வேண்டும். 1997-ல் யார்க்‌ஷயரில் அவருடைய நண்பர் புற்றுநோயில் படுத்திருந்தார். அவரைப் பார்க்க வயற்காடுகளின் வழியே காரில் போய்ப் போய் வந்ததில், அந்த நிலம் ஆளைப் பிடித்துக்கொண்டது.

அங்கே அருவி கிடையாது, பெரிய மலை கிடையாது. கோதுமை வயல், வேலி, இருபுறமும் மரம் கவிந்த ஒரு சின்ன ரோடு. வோல்ட்கேட் என்று பெயர். மனுஷன் வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்தார். 2007-ல் அதே வட்டாரத்து ஊர் ஒன்றின் அருகே இலை விடாத மரங்களை 50 கான்வாஸ்களில் தீட்டி ஒன்றாக்கினார். 40 அடி நீளம், 15 அடி உயரம். 2011-ல் வோல்ட்கேட்டில் வசந்தம் வந்ததை ஐபேடில் தேதிவாரியாக வரைந்தார். 2013-ல் கலரையே விட்டுவிட்டு, அதே ரோட்டில் 5 இடம், ஒவ்வொன்றுக்கும் வசந்தம் வருவதன் 5 கட்டம் என்று 25 கரி ஓவியங்கள். பெரிதாக அச்சடித்த ஐபேட் படங்கள் சிலது எனக்குப் பிடிக்கவில்லை, பச்சை கண்ணைக் குத்துகிறது. அந்தக் கரி ஓவியங்களுக்கு முன்னால் மட்டும் வாயை மூடிக்கொள்வேன்.

2009-ல் வரைந்த ஒன்றில் மொட்டைமரம் ஊதாவாக நிற்கும். ‘இப்படி மரம் உண்டா’ என்று கேட்பவர்கள், பாளையங்கோட்டை தாண்டித் திருச்செந்தூர் ரோட்டில் சாயங்காலம் ஒரு பனையைப் பார்க்கட்டும். பள்ளிக்கூட டிராயிங் நோட்டில் அதற்குப் பழுப்பு அடிப்போம். நேரில், வெயில் படும் பக்கம் சாம்பலில் ரோஸ் கலந்தமாதிரி, மறுபக்கம் கருநீலம், மட்டை விழுந்த தழும்பில் மட்டும் சுத்தக் கறுப்பு.

படம் வரைகிறவர்களுக்கு நம் சீமையில் பஞ்சமில்லை. கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898–1976) இருந்தார். நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதி வந்தவர். அவரும் சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி எத்தனையோ வீடுகளில் காலண்டராகத் தொங்கின. சாமிக்குப் பின்னால் மலை, தாமரைத் தடாகம்; எந்த ஊர் மலை என்று கேட்க முடியாது. சாமி படத்துக்கு அது போதும்தான். நாம் அந்தப் பின்னணியை மட்டும் பிய்த்தெடுத்து, இயற்கை என்று பேர் வைத்துக்கொண்டோம்.

கார் பருவத்து நெல்லை அறுத்த தாள் வெயிலில் வெளுத்துக் கிடக்கும். அடுத்த பருவமான பிசானத்துக்குத் தண்ணீர் பாய்ச்சித் தொளி அடித்துச் சேறாக்கியதும் அதே வயலில் வானம் கிடக்கும். நட்ட பிறகு ஒரு பச்சை, கதிர் வாங்கும்போது வேறொரு பச்சை. ஒரே வரப்பில் நின்று இதையெல்லாம் தொடர்ந்து வரைந்த ஆளை நான் பார்த்ததில்லை. தென்காசி ரோட்டை நான்குவழியாக்க மரங்களை வெட்டினார்களே, அப்போது செல்போனில் எடுத்ததெல்லாம் விழுந்த மரத்தைத்தான். அவை நின்றபோது ரோட்டில் நிழல் எப்படிக் கிடந்தது என்று ஒரு கோடாவது யாரிடம் இருக்கிறது?

ஃப்ளெக்ஸ் வந்து தொழில் படுத்துவிட்ட ஆர்ட்டிஸ்ட் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “அண்ணாச்சி, அவருக்கு உதவிக்கு ஆள், வண்டி, குடோன் மாதிரி ஸ்டுடியோ எல்லாம் இருக்கு. நான் ஒரே குளத்த நாலு தடவ வரைஞ்சா எவன் வாங்குவான், சொல்லுங்க?” நியாயமான கேள்வி. வாங்க ஆளிருக்கிறது என்று பொய் சொல்லவில்லை. கரியும் பேப்பரும் என் செலவு என்றேன். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும், பெட்ரோலும் நீங்கதான் போடணும் என்கிறார். குளம் எது என்பதில் இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது.