ஒன்றரை மீட்டர் இடம் விடுங்கள்

ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் ஐந்து நாள் சைக்கிள் பயணம். கடல், வெயில், டிரமுண்டானா மலை எதிலும் குறையில்லை. உரசிக்கொண்டு முந்தும் கார்களைத்தான் தாங்க முடியவில்லை.

சா கலோப்ரா என்ற மலைச்சாலை ஏற்றத்தையே எடுத்துக்கொள்வோம். கடலோரத்திலிருந்து கிட்டத்தட்ட ஒன்பதரை கிலோமீட்டர், சராசரி ஏற்றம் 7 சதவீதம். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவுகள். ஓரிடத்தில் சாலை சுழன்று தன் அடியிலேயே நுழைந்து போகும், அதற்கு ‘டை முடிச்சு’ என்றே பெயர். 1930களில் பொறியாளர் அந்தோனியோ பாரியெத்தி வடிவமைத்த அற்புதமான சாலை. அதை நிமிர்ந்து பார்த்து ரசிக்க விட்டால்தானே?

மூச்சு வாங்க மிதிக்கும்போது, சரியாக வளைவில் முழங்கையை ஒட்டி ஒரு வாடகைக் கார். இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம், நான் எங்கே ஒதுங்குவது? ஸ்பெயின் சட்டப்படி சைக்கிளை முந்தும்போது ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும். எதிரே வண்டி வராவிட்டால் அதற்காக நடுக்கோட்டைத் தாண்டவும் அனுமதி உண்டு. அப்புறம் என்ன அவசரம்? கீழே இறங்கினால் கடற்கரையோடு சாலை முடிந்துவிடும், எல்லோரும் இதே வழியில்தான் திரும்ப வேண்டும். பத்து நொடி பின்னால் வாருங்களேன்!