ஆறு மாதத்தில் அணு மருத்துவ இயற்பியலாளர் ஆக முடியுமா?

சேலம், ஓமலூர், ஆத்தூர் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. பிளஸ் 2 முடித்தவர்கள் ஆறு மாத ஆன்லைன் படிப்பில் அணு மருத்துவ இயற்பியலாளர் (கதிரியக்க மருந்து தரும் பிரிவில் அளவையும் பாதுகாப்பையும் கவனிப்பவர்) ஆகலாம், நாட்டில் ஆள் பற்றாக்குறை என்பதால் வேலை நிச்சயம், முன்பணம் உடனே கட்டுங்கள் என்கிறது அது.

பற்றாக்குறை என்பது பொய்யல்ல. அதனால்தான் மீதியையும் நம்பிவிடுகிறார்கள். ஆனால் மருத்துவ இயற்பியலாளராக வழி நீளமானது: இயற்பியலில் முதுகலை, பிறகு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையம் நடத்துவது போன்ற கதிரியக்க இயற்பியல் முதுநிலை டிப்ளமோ, அல்லது இவ்விரண்டுக்கும் பதிலாக அண்ணா பல்கலைக்கழகத்தில் உள்ளது போன்ற மருத்துவ இயற்பியல் முதுகலை. எந்த வழியானாலும் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு. முதல் வழியின் தொடக்கமான இயற்பியல் முதுகலையைச் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்திலேயே படிக்கலாம்.

வேலையின் தன்மையே அப்படி. ஸ்கேனுக்காக நோயாளிக்குச் செலுத்தும் கதிரியக்கப் பொருளான டெக்னீசியம்-99எம் ஆறு மணி நேரத்தில் சிதைந்து பாதியாகும். தைராய்டு சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131க்கு எட்டு நாள். நோயாளிக்குச் செலுத்தும் அளவைச் சரிபார்ப்பது, ஸ்கேன் எடுக்கும் காமிராவைச் சோதிப்பது, கதிரியக்கக் கழிவைச் சிதையும்வரை பூட்டி வைப்பது எல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. கைபேசித் திரையில் எப்படி வரும்?

இத்தகைய பிரிவில் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்குப் பொறுப்பேற்கும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்கு ஒப்புதல் தருவது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் மட்டுமே. தகுதி விவரங்கள் அதன் இணையதளத்தில் இருக்கின்றன. பணம் கட்டும் முன் அதைப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.