புதிய மேலாளர்களுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம்? பாதுகாப்புத் தளவாடத் துறை பற்றிச் சில எரிச்சல்கள்

பாதுகாப்புத் தளவாடத் துறையில் புதிதாக மேலாளர் ஆனவர்களுக்கு நடத்தும் தலைமைப் பண்புப் பயிற்சியின் பாடத்திட்டம் எதுவும் கைக்கு வந்தால், நான் முதலில் தேடுவது ஒரு பகுதியைத்தான்: கெட்ட செய்தியை மேலே கொண்டுபோவது எப்படி? பெரும்பாலும் அது இருப்பதில்லை. தொலைநோக்கு இருக்கும். உணர்வுசார் நுண்ணறிவு இருக்கும். மனிதர்களை நான்கு வண்ணங்களாகப் பிரிக்கும் ஆளுமைத் தேர்வு இருக்கும். இரண்டாம் நாள் மாலை, கண்ணைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாகச் சாயும் விளையாட்டுகூட இருக்கும். சக ஊழியர் தாங்கிப் பிடிப்பார் என்ற நம்பிக்கை அதனால் வளருமாம். திங்கட்கிழமை காலை, சோதனையில் தோற்ற ஒரு பாகத்தைப் பற்றி இயக்குநரிடம் சொல்லப் போகும்போது யார் தாங்கிப் பிடிப்பார்? அதற்கு அந்த வகுப்பில் பதில் கிடைக்காது.

இந்தத் துறையில் மேலாளர் ஆகிறவர் யார் என்று பாருங்கள். பல ஆண்டுகள் ராடார் சமிக்ஞையோடும் வெல்டிங் மூட்டுகளோடும் மென்பொருள் பிழைகளோடும் மல்லுக்கட்டிய நல்ல பொறியாளர். வேலையில் கெட்டிக்காரர் என்பதற்காகவே பதவி உயர்வு கொடுத்திருப்பார்கள். அடுத்த நாளிலிருந்து ஒரு பிரிவே அவர் பொறுப்பு. ஒப்பந்தக் கெடுவும் அவர் தலையில். வாங்குகிற படைத்துறையின் தர ஆய்வாளருக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். நேற்றுவரை "இந்த அளவு வரைபடத்தோடு பொருந்தவில்லை" என்று அடித்துச் சொன்னவர், அதையே தனக்குக் கீழே உள்ளவர் இன்று சொல்லும்போது, "விலகல் அனுமதி (அளவு பிசகினாலும் ஏற்றுக்கொள்ளும் ஒப்புதல்) வாங்கிச் சமாளிக்க முடியாதா?" என்று கேட்கிறார். ஆள் கெட்டுப்போய்விட்டார் என்று நான் நினைக்கவில்லை. அழுத்தம் வரும் திசை மாறிவிட்டது. அதைத் தாங்கும் விதத்தை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த அழுத்தம் ஒரே இரவில் என்ன செய்யும் என்பதற்கு 1986 ஜனவரி 27 சாட்சி. சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் மோட்டார்களைச் செய்த மார்ட்டன் தியோக்கால், ராணுவ ஏவுகணைகளுக்கும் மோட்டார் செய்து கொடுத்த நிறுவனம். கடுங்குளிரில் ரப்பர் வளையங்கள் விறைத்துப்போகும், சூடான வாயுவை அடைக்காமல் விட்டுவிடலாம், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று அதன் பொறியாளர்கள் நாசாவிடம் தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். நாசா தரப்பு எரிச்சலடைந்தது. நிறுவனத்தார் சற்று விலகித் தங்களுக்குள் பேசினார்கள். அப்போது மூத்த அதிகாரி ஒருவர், பொறியியல் துணைத்தலைவர் ராபர்ட் லண்டிடம், பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். லண்ட் முடிவை மாற்றினார். மறுநாள் கிளம்பிய 73 விநாடிகளில் விண்கலம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். விசாரணைக் குழுவின் முன் பதிவான செய்தி இது.

இந்தக் கதை இன்று பல பயிற்சிகளில் இடம்பெறுகிறது. ஆனால் சொல்லப்படும் விதத்தில் எனக்குப் பெரிய குறை உண்டு. எச்சரித்த பொறியாளர் ரோஜர் பாய்ஸ்ஜோலியைக் கதாநாயகனாக நிறுத்துவார்கள். வகுப்பில் இருக்கும் எல்லோரும் மனதுக்குள் பாய்ஸ்ஜோலி ஆகிவிடுவார்கள். நானாக இருந்தாலும் இப்படித்தான் நிமிர்ந்து நின்றிருப்பேன் என்று பூரித்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போவார்கள். உண்மையில் அவர்கள் உட்காரப்போவது லண்டின் நாற்காலியில். கீழே கவலையோடு நிற்கும் பொறியாளர்கள், மேலே பொறுமை இழந்த மேலிடம், நடுவில் இவர். பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைத்து, "தொப்பியை மாற்று" என்று ஒருவர் சொல்லும்போது வாயைத் திறந்து என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். கொள்கை விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் சொல்லும் வாக்கியம் வேண்டும். "என் குழுவின் பரிந்துரையை நான் மாற்றவில்லை, அதை மீறி முடிவெடுப்பதானால் உங்கள் பெயரில் எழுதிக் கொடுங்கள்" என்று நடுங்காமல் சொல்லப் பழகுவதற்கே ஒரு முழு நாள் தேவை.

இன்னொரு சம்பவம், இதைவிட அமைதியானது. அமெரிக்க அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல் திரெஷர் 1963 ஏப்ரல் 10 அன்று 129 பேரோடு மூழ்கியது. அதற்குமுன் கப்பல்தளத்தில் பராமரிப்பின்போது, குழாய்களில் வெள்ளிப் பற்றவைப்பு மூட்டுகள் 145ஐ மீயொலிக் கருவியால் சோதித்திருந்தார்கள். 14 விழுக்காடு தரத்துக்குக் கீழே இருந்தது. மொத்த மூட்டுகளோ ஆயிரக்கணக்கில். எல்லாவற்றையும் சோதித்தால் கப்பல் தாமதமாகும் என்பதால் மீதியைச் சோதிக்காமலே விட்டார்கள். கடல்நீர்க் குழாயின் மூட்டு ஒன்று உடைந்ததே காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும், 14 விழுக்காடு என்று எழுதிய தாள் ஒருவருடைய மேசைக்கு வந்தது என்பது மாறாது. எந்த வில்லத்தனமும் இல்லாத, சாதாரண ஒரு வேலைநாளில், கெடுவை மனதில் வைத்து எடுத்த முடிவு அது. புதிய மேலாளர்கள் எடுக்கப்போவதும் இந்த வகை முடிவுகளைத்தான்.

அந்த ஆண்டே சப்சேஃப் என்ற நீர்மூழ்கிப் பாதுகாப்புத் திட்டம் பிறந்தது. சான்று இல்லாத மூட்டு, சான்று இல்லாத வால்வு கப்பலில் இருக்கக் கூடாது. "எனக்குத் தெரியும், நன்றாகத்தான் செய்தோம்" என்பது சான்றாகாது. அதன்பின் சப்சேஃப் சான்று பெற்ற எந்த அமெரிக்க நீர்மூழ்கியும் மூழ்கவில்லை. 1968இல் மூழ்கிய ஸ்கார்பியனுக்கு அந்தச் சான்று இல்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, இத்திட்டத்தில் வேலை செய்கிறவர்களின் வருடாந்தரப் பயிற்சியில் திரெஷரின் கதை மறுபடி மறுபடி சொல்லப்படுவது. சொந்தத் தோல்வியைப் பாடமாக்குவதில் அவர்கள் வெட்கப்படவில்லை. நாமோ தோல்வி அறிக்கைகளைப் பூட்டி வைத்துவிட்டு, வெற்றிபெற்ற ஒரு காலணி நிறுவனத்தின் கதையை வகுப்பில் ஓட்டுகிறோம்.

கீழிருந்து வரும் செய்தியை மேலே இருப்பவர் மறுப்பதற்கும் பழைய உதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையின் மார்க் 14 டார்பிடோ, வைத்த ஆழத்தைவிடச் சுமார் பத்து அடி கீழே ஓடியது. நீர்மூழ்கி மாலுமிகள் சொன்னார்கள். குறிபார்க்கத் தெரியாதவர்கள் என்று பழி அவர்கள்மேல் விழுந்தது. கடைசியில் அட்மிரல் லாக்வுட் 1942இல் ஆஸ்திரேலியக் கடற்கரையில் மீன்வலையைத் தொங்கவிட்டு, அதன் ஊடே டார்பிடோக்களைச் செலுத்திக் காட்ட வேண்டியிருந்தது. துளை விழுந்த வலையோடு யார் வாதாட முடியும்?

இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கவே முடியாது, தலைமை என்பது பிறவிக் குணம் என்பவர்களுக்கு ஒரு வரலாற்றை நினைவூட்டுகிறேன். 1940இல், போருக்கு ஆயத்தமான அமெரிக்காவில் ஆயுதத் தொழிற்சாலைகளுக்குத் திடீரென்று ஏராளமான மேற்பார்வையாளர்கள் தேவைப்பட்டார்கள். டி.டபிள்யு.ஐ. (டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி, தொழிலகத்துக்குள்ளேயே பயிற்சி) என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட பயிற்சித் திட்டம் அதற்காகத் தொடங்கியது. வேலை கற்றுக்கொடுத்தல், முறைகளைச் செம்மையாக்கல், ஆட்களோடு உறவு என்று மூன்று பாடங்கள். ஒவ்வொன்றும் பத்து மணி நேரம், இரண்டிரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வு. சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு அட்டை. பயிற்சிக்கு வருகிறவர் தன் பட்டறையில் அப்போது நிஜமாக இருக்கும் ஒரு சிக்கலைக் கொண்டுவந்து எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். கற்பனை உதாரணத்துக்கு இடமில்லை. 1945இல் திட்டம் முடிந்தபோது 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சான்றிதழ் பெற்றிருந்தார்கள். போருக்குப் பின் ஜப்பான் அதை எடுத்துக்கொண்டது. டொயோட்டாவின் பயிற்சி முறையில் அதன் தடம் இன்றும் தெரிகிறது. உலகம் முழுக்கப் புகழ்பெற்ற ஒரு மேலாண்மை மரபின் வேர்களில் ஒன்று, ஆயுதத் தொழிலில் புதிய மேற்பார்வையாளர்களுக்கு நடந்த வகுப்பில் இருக்கிறது. அந்தத் தொழிலோ இன்று தன் பயிற்சியை வெளியாட்களிடம் ஸ்லைடுகளாக விலைக்கு வாங்குகிறது!

சிக்கல் ரகசியத்தில் இருக்கிறது என்று பயிற்சித் துறையினர் சொல்வார்கள். பாதி உண்மை. பல பிரிவுகளிலிருந்து வருகிறவர்கள் ஓட்டல் அரங்கில் உட்கார்ந்து தங்கள் திட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. அதனால்தான் காலணிக் கடைக் கதை வருகிறது. இதற்குத் தீர்வு வளாகத்துக்கு உள்ளேயே, ரகசியங்களைப் பார்க்க ஒரே அனுமதி நிலை உள்ளவர்களோடு, மூடப்பட்ட பழைய கோப்புகளை வைத்து வகுப்பு நடத்துவது. செலவும் குறைவு. அதைவிட முக்கியமாக, ரகசியத்தையே ஒரு தலைமைப் பாடமாக எடுக்க வேண்டும். காரணத்தை முழுமையாகச் சொல்ல முடியாத நிலையில் ஒரு குழுவை எப்படி நடத்துவது? "சொல்லக் கூடாது" என்பதையும் "எனக்கே தெரியாது" என்பதையும் கலந்து குழப்பாமல் இருப்பது எப்படி? இரண்டாவதை மறைக்க முதலாவதைப் போர்த்திக்கொள்ளும் மேலாளர்களைக் கீழே உள்ளவர்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையான ரகசியத்தைக்கூட யாரும் மதிப்பதில்லை.

ஓய்வுபெற்ற படை அதிகாரிகளை அழைத்து வகுப்பு எடுக்க வைப்பது இந்தத் துறையின் இன்னொரு வழக்கம். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. பயன்படுத்துகிறவரின் குரலை அவர்கள் வாயிலாகக் கேட்பது நல்லதே. ஆனால் படைப்பிரிவை நடத்துவது வேறு, வடிவமைப்புக் குழுவை நடத்துவது வேறு. தனக்குப் பிடிக்காத மேலாளரை விட்டு இளம் மென்பொருள் பொறியாளர் அடுத்த மாதமே போய்விடலாம். சிப்பாயால் அது முடியாது. கட்டளை பற்றிய வீரக் கதைகளைக் கேட்டுவிட்டு வரும் புதிய மேலாளர் ஒரு வாரம் குரலை உயர்த்திப் பேசுகிறார், அவ்வளவுதான் பலன்.

பிரிட்டன் விமானப்படையின் நிம்ராட் கண்காணிப்பு விமானம் 2006 செப்டம்பர் 2 அன்று ஆப்கானிஸ்தான் வானில் தீப்பிடித்து விழுந்ததையும் சொல்லியாக வேண்டும். 14 பேர் இறந்தார்கள். அதை விசாரித்து 2009இல் வந்த ஹேடன்-கேவ் அறிக்கை, தலைமை, பண்பாடு, முன்னுரிமை ஆகியவற்றின் தோல்வி என்று தலைப்பிலேயே எழுதியது. அந்த விமானத்துக்குப் பாதுகாப்பு ஆய்வு நடக்காமல் இல்லை. முப்பது ஆண்டு பறந்த விமானம், எப்படியும் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு, தாளை நிரப்பும் வேலையாக அதை நடத்தினார்கள். பட்டியலிட்ட ஆபத்துகளில் 40 விழுக்காடு தீர்க்கப்படாமலே இருக்க, வேலை முடிந்தது என்று ஒப்படைக்கப்பட்டது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் கேள்வி கேட்கும் பழக்கம் ஒருவரிடம் இருந்திருந்தால் அந்தத் தாள் அப்படியே கடந்து போயிருக்காது.

கெட்ட செய்தியை மேலே சொல்லப் பழக்கிவிட்டு, அதைக் கேட்கவேண்டிய இயக்குநரைப் பழக்காமல் விட்டால், அந்தப் புதிய மேலாளரை அனுப்பி அடிவாங்க வைக்கிறோம் என்றுதான் அர்த்தம். எனவே என் கோரிக்கை இது: பயிற்சியின் ஒரு நாளாவது அவரவர் மேலதிகாரி அதே அறையில் இருக்க வேண்டும். திறப்பு விழாவில் பத்து நிமிடம் பேசிவிட்டுக் கைபேசியோடு வெளியேறுவது கணக்கில் வராது. நடிப்புப் பயிற்சியில் அவர் அவராகவே உட்கார்ந்து, கெட்ட செய்தியைக் கேட்டு, தன் முதல் வாக்கியம் என்னவாக இருந்தது என்பதைப் பிறர் வாயால் கேட்க வேண்டும். மேலதிகாரிகள் நேரமில்லை என்பார்கள். நேரமில்லை என்று யார் சொன்னார்கள் என்ற பட்டியலே பயிற்சித் துறைக்கு நல்ல தகவல்.

பலனை அளக்க, வகுப்பு முடிந்ததும் வாங்கும் மதிப்பெண் தாளை நம்பாதீர்கள். சாப்பாடு நன்றாக இருந்தாலே அதில் ஐந்துக்கு நான்கு வந்துவிடும். ஆறு மாதம் கழித்து, அந்த மேலாளரின் பிரிவிலிருந்து வரும் குறைபாட்டு அறிக்கைகளை எண்ணிப் பாருங்கள். முன்பைவிட அதிகமாக, முன்பைவிடச் சீக்கிரமாக வந்தால் பயிற்சி வேலை செய்கிறது. அந்த வரைபடத்தில் கோடு மேலே போவதைக் காலாண்டுக் கூட்டத்தில் காட்டும்போது நிதித்துறையினர் முகம் சுளிப்பார்கள். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.