அதிக யார்டு ஓடப்போவது யார்? யார்டை விட்டுவிட்டு கேரியை எண்ணுங்கள்

ஆகஸ்ட் பிறந்தாலே அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பார்ப்பவர்கள் நடுவே ஒரு கேள்வி சுற்ற ஆரம்பித்துவிடும்: இந்த சீசனில் நம் அணிக்காகப் பந்தோடு அதிக யார்டு ஓடப்போகிறவர் யார்? பதில் சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், போன சீசனில் கண்ணில் நின்ற ஏதோ ஒரு நீண்ட ஓட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்கிறார்கள். இது தவறான வழி என்று உறுதியாகச் சொல்வேன். பந்தை யார் கையில் எத்தனை தடவை கொடுப்பார்கள் என்பதைத்தான் முதலில் கணிக்க வேண்டும். அப்படிப் பந்தை வாங்கி ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு ‘கேரி’. யார்டு அதன் பின்னால் தானாக வரும்.

2024-ன் மிச்சிகன் அணியை எடுத்துக்கொள்வோம். பாடம் படிக்க அதைவிடப் பொருத்தமான சீசன் கிடைக்காது. முதல் ரன்னிங் பேக்காக (பந்தை வாங்கி ஓடுபவர்) இருந்த பிளேக் கோரம் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-க்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு டோனவன் எட்வர்ட்ஸ் என்பது அநேகமாக எல்லோருடைய கணிப்பு. கணித்ததில் நியாயமும் இருந்தது. 2022-ல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு எதிராக 22 கேரியில் 216 யார்டு ஓடியவர். 2024 ஜனவரியில் வாஷிங்டனுக்கு எதிரான தேசிய இறுதிப் போட்டியில் 6 கேரியில் 104 யார்டு, இரண்டு டச்டவுன் (எதிரணி எல்லைக் கோட்டைப் பந்தோடு கடப்பது). அந்தக் கோடையில் வெளியான ஈஏ ஸ்போர்ட்ஸ் கல்லூரி ஃபுட்பால் வீடியோ கேமின் அட்டையிலேயே அவர் படம் இருந்தது. சீசன் முடிந்தபோது கணக்கு வேறாக இருந்தது. கலெல் முல்லிங்ஸ் 185 கேரி, 948 யார்டு. எட்வர்ட்ஸ் 128 கேரி, 589 யார்டு.

இதை எதிர்பாராத திருப்பம் என்றுதான் பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒஹாயோ ஸ்டேட் ஆட்டத்தின் 216 யார்டைப் பிரித்துப் பாருங்கள். அதில் 75 யார்டு ஓட்டம் ஒன்று, 85 யார்டு ஓட்டம் ஒன்று. அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் 20 கேரியில் 56 யார்டு. ஒரு கேரிக்கு 2.8. வாஷிங்டன் ஆட்டத்திலும் அதே கதைதான்: 41 யார்டு, 46 யார்டு என இரண்டு ஓட்டங்கள் போக மீதி நான்கு கேரியில் 17 யார்டு. 2023 சீசன் முழுவதுக்கும் அவர் எடுத்தது 119 கேரியில் 497 யார்டு. இறுதிப் போட்டியைக் கழித்தால் 113 கேரியில் 393, அதாவது கேரிக்கு மூன்றரை யார்டுகூட முழுதாக இல்லை. இந்த எண்கள் எல்லாம் 2024 ஆகஸ்டிலேயே யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கக்கூடிய இடத்தில்தான் இருந்தன.

எட்வர்ட்ஸ் திறமையில்லாதவர் என்று நான் சொல்லவே இல்லை. திறந்த வெளி கிடைத்தால் அவரைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் நீண்ட ஓட்டம் என்பது ஒரு ரன்னிங் பேக்கின் கணக்கில் மிகவும் நிலையில்லாத பகுதி. முன்னால் நிற்கும் ஐந்து பேரும் சரியாகத் தடுத்து, எதிரணியின் கடைசி வரிசையில் நிற்கும் சேஃப்டி ஒருவர் தப்பான கோணத்தில் வந்தால்தான் 75 யார்டு கிடைக்கும். அது அடுத்த வருஷமும் அதே எண்ணிக்கையில் வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நிலையாக இருப்பது, தேவையான யார்டைத் தேவையான நேரத்தில் எடுக்கும் விகிதம். 10 யார்டு முன்னேற ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன். முதல் டவுனில் தேவையில் பாதி, இரண்டாவதில் 70 சதவீதம், மூன்றிலும் நான்கிலும் முழுத் தேவை: இதை எட்டினால் அந்த ஓட்டம் வெற்றி என்று எண்ணுவது பலரும் பின்பற்றும் முறை. ஒவ்வொரு ஆட்டத்தின் பிளே-பை-பிளே பட்டியலை வைத்துக்கொண்டு கையாலேயே இதைக் கணக்கிடலாம். சராசரி யார்டை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

2024-ல் மிச்சிகனுக்கு இன்னொரு மாற்றமும் நடந்திருந்தது. தேசிய இறுதிப் போட்டியைத் தொடங்கிய ஆஃபென்சிவ் லைன் (ஓடுபவருக்கு வழி திறக்கும் முன்வரிசை) ஐந்து பேரும் போய்விட்டார்கள். பந்தை எறியும் குவாட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தியும் போய்விட்டார். பாஸ் பயம் இல்லாத அணிக்கு எதிராக எதிரணி எட்டு பேரை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும். புதிய லைன், நெரிசலான முன்வரிசை என்றால் ஓடுபவருக்கு வெளி கிடைக்காது. யாராவது மேலே விழுந்த பிறகும் இரண்டு மூன்று யார்டு இழுத்துக்கொண்டு போகிறவர்தான் பிழைப்பார். முல்லிங்ஸ் 230 பவுண்டைத் தாண்டியவர், தடுப்பு அணியில் லைன்பேக்கராக இருந்து மாறி வந்தவர். 2023-ல் கிடைத்த வெறும் 36 கேரியில் 222 யார்டு எடுத்திருந்தார். 36 என்பது சின்ன மாதிரிதான், அதை வைத்து மட்டும் பந்தயம் கட்டக்கூடாது. ஆனால் லைன் மாற்றம், உடல்வாகு, முந்தைய சீசனில் எட்வர்ட்ஸின் எண்கள் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், முல்லிங்ஸுக்கு ஆகஸ்டில் குறைந்தது 40 சதவீத வாய்ப்பாவது கொடுத்திருக்க வேண்டும். செப்டம்பரில் யு.எஸ்.சி.-க்கு எதிராக 17 கேரியில் 159 யார்டு ஓடி, ஆட்டம் முடிய 37 விநாடி இருக்கும்போது வெற்றி டச்டவுனையும் போட்டார். அதற்குப் பிறகு கேள்வியே எழவில்லை.

சரி, கேரியைக் கணிப்பது எப்படி? அணியின் மொத்த ஓட்டங்களிலிருந்து தொடங்குங்கள். உதாரணத்துக்கு ஓர் அணி ஆட்டத்துக்கு 36 தடவை ஓடுகிறது, 13 ஆட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 468. இதில் குவாட்டர்பேக் பெயரில் போகிறவை, வைட் ரிசீவருக்கு (பாஸ் பிடிப்பவர்) கொடுக்கும் ஸ்வீப் (பக்கவாட்டு ஓட்டம்), நேரத்தைக் கரைக்கக் கடைசி நிமிடத்தில் முழங்காலிடுவது எல்லாம் சேர்ந்து 110 என்று கழியுங்கள். மீதி 358. முதல் ரன்னிங் பேக்குக்குப் பாதி கிடைத்தால் 179 கேரி. கேரிக்கு 5 யார்டு என்றால் 895. அறுபது சதவீதம் கிடைத்தால் 215 கேரி, 1,075 யார்டு. ஒருவர் ஆயிரத்தைத் தொடுவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் இந்தப் பங்கில்தான் இருக்கிறது. பயிற்சியாளரின் பழக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு முயற்சியிலும் என்ன ஆடுவது என்று சொல்லும் ஆஃபென்சிவ் கோ-ஆர்டினேட்டர் முன்பு வேலை செய்த இடங்களில் முதல் ஆளுக்கு எத்தனை பங்கு கொடுத்தார்? கோ-ஆர்டினேட்டர் மாறியிருந்தால், போன வருஷ அணியின் எண்களைவிட அவருடைய பழைய அணியின் எண்கள்தான் உங்களுக்கு உதவும்.

குவாட்டர்பேக் விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். என்.எஃப்.எல்.-இல் ஸாக் (பந்தை எறியும் முன்பே குவாட்டர்பேக் வீழ்த்தப்படுவது) ஆகும்போது இழக்கும் யார்டு பாஸ் கணக்கில் கழிக்கப்படும். கல்லூரியில் அது குவாட்டர்பேக்கின் ஓட்டக் கணக்கிலேயே கழிக்கப்படும். 600 யார்டு ஓடிய குவாட்டர்பேக் 30 ஸாக் வாங்கி 200 யார்டு இழந்தால் பட்டியலில் 400 என்றுதான் இருக்கும். எனவே ஓடும் குவாட்டர்பேக்கை மதிப்பிடும்போது அவர் காலை மட்டும் பார்க்காதீர்கள், லைனில் அவரைக் காக்கும் இடது டேக்கிளையும் பாருங்கள். இதையும் மீறி முதலிடம் பிடிப்பவர்கள் உண்டு. லூயிவில்லில் லாமர் ஜாக்ஸன் 2016-ல் 1,571, 2017-ல் 1,601. எல்.எஸ்.யு.-வில் ஜேடன் டேனியல்ஸ் 2023-ல் 1,134. ஆப்ஷன் முறையில் (பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று குவாட்டர்பேக் அந்த நொடியில் முடிவெடுப்பது) ஆடும் ஆர்மி, நேவி போன்ற அணிகளில் குவாட்டர்பேக்கை முதலில் வைத்தே பட்டியல் போட வேண்டும். ஆர்மியின் பிரைசன் டெய்லி 2024-ல் 1,659 யார்டு ஓடினார்.

ஆனால் குவாட்டர்பேக்கின் ஓட்டம் அடுத்த சீசனுக்கு அப்படியே வரும் என்று நம்பிவிடக் கூடாது. அரிசோனாவில் குவாட்டர்பேக் கலீல் டேட் 2017-ல் கொலராடோவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 கேரியில் 327 யார்டு ஓடினார். சீசன் மொத்தம் 1,411. அடுத்த வருஷம் தலைமைப் பயிற்சியாளர் மாறினார், டேட்டின் கணுக்காலில் அடிபட்டது, அவர் ஓடியது 224 யார்டு மட்டுமே. அந்த அணியில் முதலிடம் 1,434 யார்டோடு ஜே.ஜே. டெய்லருக்குப் போனது. அவர் முந்தைய வருஷமே 847 யார்டு ஓடியிருந்த ரன்னிங் பேக்.

பாஸ் ப்ரொடெக்ஷன், அதாவது பாஸ் எறியும்போது ரன்னிங் பேக் குவாட்டர்பேக்கைக் காப்பது பற்றி யாரும் பேசுவதில்லை. பெரிய பெயரோடு வரும் முதலாண்டு மாணவர் ஏன் அக்டோபர் வரை பெஞ்சில் இருக்கிறார் என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான். லைன்பேக்கர் பிளிட்ஸ் (குவாட்டர்பேக் மேல் பாய்வது) வரும்போது யாரைத் தடுப்பது என்று ஒரு விநாடிக்குள் புரிந்துகொள்ள வேண்டும். புரியாவிட்டால் குவாட்டர்பேக் அடிபடுவார். அந்த அபாயத்தை எந்தப் பயிற்சியாளரும் ஏற்கமாட்டார். மூன்றாவது டவுனில் களத்தில் நிற்க முடியாதவருக்கு, அணி பின்தங்கியிருக்கும் ஆட்டங்களில் கேரியும் குறைந்துவிடும். இரண்டாவது காரணம் ஃபம்பிள், பந்தைக் கைநழுவ விடுவது.

வசந்த கால ஸ்பிரிங் கேமில் 120 யார்டு ஓடினார் என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அணியை இரண்டாகப் பிரித்து ஆடுவதால், அவருக்கு எதிரே நின்றது இரண்டாம் வரிசை டிஃபென்ஸாக இருக்கலாம். முதல் ரன்னிங் பேக்கைப் பயிற்சியாளர் அன்று பாதுகாப்பாக உட்கார வைத்திருப்பார். ஆகஸ்டில் வெளியிடும் டெப்த் சார்ட்டில் (முதல் ஆள் யார், இரண்டாம் ஆள் யார் என்ற பட்டியல்) இரண்டு பெயருக்கு நடுவே ‘அல்லது’ என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்: அங்கே உண்மையிலேயே முடிவாகவில்லை, அல்லது இருவரையும் பகிர்ந்து ஆடவைக்கப் போகிறார்கள்.

பகிர்ந்து ஆடும் அணிகளில் கணிப்பு நாணயம் சுண்டுவதற்கு அருகில் வந்துவிடும். 2024-ல் ஒஹாயோ ஸ்டேட்டில், ஓல் மிஸ்ஸிலிருந்து போர்ட்டல் (வீரர்கள் கல்லூரி மாறும் வழி) வழியே வந்த குவின்ஷான் ஜட்கின்ஸ் 194 கேரியில் 1,060 யார்டு, ஏற்கெனவே அங்கே இருந்த ட்ரெவியான் ஹெண்டர்சன் 144 கேரியில் 1,016. கேரிக்கு எடுத்த யார்டில் ஹெண்டர்சன் எவ்வளவோ மேல். ஆனாலும் 50 கேரி வித்தியாசத்தை அவரால் தாண்ட முடியவில்லை. இதற்கு எதிர்மாறான உதாரணத்தையும் சொல்லிவிட வேண்டும். 2013-ல் விஸ்கான்ஸினில் ஜேம்ஸ் வைட் 221 கேரியில் 1,444, மெல்வின் கார்டன் 206 கேரியில் 1,609. குறைந்த கேரியில் கார்டன் முந்தினார். வித்தியாசம் என்னவென்றால் 15 கேரிதான் குறைவு, அதோடு கார்டனின் அந்த வேகம் முந்தைய சீசனிலும் இருந்தது: 2012-ல் 62 கேரியில் 621. கேரி ஏறத்தாழ சமமாக இருக்கும்போது மட்டுமே கேரிக்கு எடுக்கும் யார்டு தீர்ப்புச் சொல்லும்.

போர்ட்டலால் பழைய வழக்கம் ஒன்று உடைந்துவிட்டது. முன்பெல்லாம் முதல் ஆள் போனால் இரண்டாம் ஆள் ஏறுவார். 1987-ல் ஒக்லஹோமா ஸ்டேட்டில் தர்மன் தாமஸுக்குப் பின்னால் நின்ற பேரி ஸாண்டர்ஸ், அடுத்த வருஷம் 11 ஆட்டத்தில் 2,628 யார்டு ஓடினார். இன்று அந்த இரண்டாம் ஆளே ஜனவரியில் வேறு கல்லூரிக்குப் போய்விடலாம். 2026 முதல் வசந்த காலப் போர்ட்டல் வாசல் இல்லை, ஜனவரி வாசல் மட்டும்தான். அதனால் ஜனவரி கடைசிக்குப் பிறகு போடும் பட்டியல் முன்பைவிட நம்பகமாக இருக்கும்.

ஆட்ட எண்ணிக்கையிலும் கவனம் வேண்டும். சீசன் கடைசியில் வரும் பௌல் ஆட்ட எண்களை, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2002 முதல்தான் சீசன் கணக்கில் சேர்க்கிறது. ஸாண்டர்ஸின் 2,628-இல் பௌல் ஆட்டம் இல்லை. 2024-ல் பாய்ஸி ஸ்டேட்டின் ஆஷ்டன் ஜென்டி 2,601 ஓட 14 ஆட்டம் ஆனது. உங்கள் அணி 12 ஆட்டம் ஆடுமா, ப்ளேஆஃப் போய் 16 ஆடுமா என்பது மொத்த யார்டை மாற்றும், முதலிடத்தில் யார் என்பதை அதிகம் மாற்றாது. ஆனால் என்.எஃப்.எல். வீரர் தேர்வான ட்ராஃப்டுக்குப் போகிறவர்கள் பௌல் ஆட்டத்தைத் தவிர்ப்பது, நெருக்கமான போட்டியில் இடத்தையே மாற்றிவிடும்.

ஆகவே ஒரே பெயரை எழுதாமல் பங்காகப் பிரித்து எழுதுங்கள். தெளிவான முதல் ஆள் இருக்கும் அணியிலும் நான் 65 சதவீதத்துக்கு மேல் கொடுக்கமாட்டேன், ஏனென்றால் ரன்னிங் பேக் அடிபடும் இடம் அது. 20 இரண்டாம் ஆளுக்கு, 10 குவாட்டர்பேக்குக்கு, மிச்சம் 5 இன்னும் பெயர் தெரியாதவருக்கு. மூன்றாவது ஆட்டம் முடிந்ததும் திருத்துங்கள். திருத்தும்போது சின்னக் கல்லூரிகளுக்கு எதிரான ஆட்டத்தின் இரண்டாம் பாதியைக் கழித்துவிடுங்கள். 42-7 என்று இருக்கும்போது மூன்றாம் வரிசை ஆள் எடுத்த 90 யார்டுக்கு மதிப்பு இல்லை. ஸ்கோர் வித்தியாசம் 14-க்குள் இருந்தபோது களத்தில் நின்றது யார், மூன்றாவது டவுனுக்கு இரண்டு யார்டு தேவைப்பட்டபோது பந்து யாரிடம் போனது என்று மட்டும் எண்ணுங்கள். அந்த இரண்டு எண்ணிலும் ஒரே ஆள் முன்னால் இருந்தால் அவருடைய 65-ஐ 80 ஆக்கலாம்.