பக்கத்து ராசியும் எனக்கே பொருந்தியது

போன வாரம் ராத்திரி தூக்கம் வராமல் போனை நோண்டிக்கொண்டிருந்தேன். ராசிவாரியாகக் குணம் சொல்லும் பக்கம் ஒன்று வந்தது. “எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுவீர்கள், மனதில் இருப்பதை மட்டும் ஓரிருவரிடம்தான் சொல்வீர்கள்.” அட, அச்சு அசல் நான்! ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். “அண்ணா, இது உன் ராசியே இல்லை, மேலே பார்” என்று பதில் வந்தது. விரல் தவறிப் பக்கத்து ராசியைத் தொட்டிருக்கிறேன். சரி என்று என் ராசியைத் திறந்தால், அதுவும் பொருந்தித் தொலைத்தது.

1948-ல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைத் தேர்வு வைத்தார். சில நாள் கழித்து ‘உன் முடிவு’ என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என 5-க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள்! அதிலிருந்த 13 வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. யாருக்கும் பொருந்தும் வரியைத் தனக்கே எழுதியதாக நினைக்கும் இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் சர்க்கஸ்காரர் பார்னம் பெயரை வைத்துவிட்டார்கள்.

ஃபோரர் தன் கட்டுரைத் தலைப்பிலேயே இதை ஏமாளித்தனம் என்கிறார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ராசிப் பக்கத்தில் அந்தக் ‘கலகலப்பு’ வரியைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஒரு சாயங்காலம். வேலை போன நாள். பார்த்தவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே ஒரு நண்பனிடம் மட்டும் சொன்னேன். அந்தப் படிக்கட்டு அந்த ராசிப் பக்கத்தில் எங்கேயும் இல்லை, அதைப் போட்டவன் நான். பாராட்டு மட்டும் எழுதியவனுக்குப் போய்விட்டது. வெற்றுப் பாத்திரத்தை நீட்டினால் நாமே நிரப்பிக் கொடுத்துவிடுகிறோம். இது ஏமாளித்தனம் என்றால், கதை படித்து அழுவதும் அதுதானே?

இன்னொன்று, நம் தயக்கமும் குழப்பமும் நமக்கு உள்ளேயிருந்து தெரிகின்றன. மற்றவர்களுடையது தெரிவதில்லை. ஊருக்கே இருப்பதை நமக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தில் நம் மீதும் தப்பு இருக்கிறது. இந்த வரிகளில் குறைகூட மரியாதையாகத்தான் வரும். “உங்களை நீங்களே அதிகம் குறை சொல்லிக்கொள்வீர்கள்” என்பார்கள். அது குறையா, பாராட்டா? “நண்பன் முன்னேறினால் உங்களுக்கு வயிறு எரியும். வாங்கிய கடனைக் கொடுத்தவர் கேட்கும்வரை மறந்தே இருப்பீர்கள்” என்று எவனும் எழுதுவதில்லை. இதுவும் நிறையப் பேருக்குப் பொருந்தும்தான், நாம்தான் ஒத்துக்கொள்ள மாட்டோம்.

விளையாட்டாக அந்த இரண்டு வரியையும் தட்டச்சு செய்து, எந்த ராசி என்று சொல்லாமல் தங்கைக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்தது: “இது யார் ராசி? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தருக்கு அப்படியே பொருந்துது.”